மாட்டு மரம்

படகு மணலில் முட்டி நின்ற பிறகும் ஜுல்மிரா இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கரையைப் பார்த்தாள். வெள்ளை மணல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. அதற்கு அப்பால் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் நெட்டைக் கால்களை ஊன்றி படகோட்டி அதமோரின் வீடு நின்றது.

அவள் முகம் போன போக்கு அதமோருக்குச் சரியாகப் படவில்லை.

"தப்பான ஊருக்கு வந்துட்டேனா?" என்றாள்.

"ஊர் சரிதான், ஜுல்மிரா அம்மா. தண்ணிதான் இறங்கிப் போச்சு."

"அன்னைக்குப் படகு உங்க வீட்டு வாசப்படியில வந்து இடிச்சுதே. ஒஸ்மார் படகுல உட்கார்ந்தபடியே உங்க சம்சாரம் கையால காப்பி வாங்கிக் குடிச்சாரே."

"அது ஜூன் மாசம். இது அக்டோபர்" என்றான் அதமோர். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான். இதைப் போனில் சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சை மாற்ற அவளுடைய பையைக் கைகாட்டினான். "அந்த ரயிலை இப்படிக் குடுங்க, நான் தூக்கிக்கறேன்."

ஜுல்மிரா சிரித்துவிட்டாள். அவளைப் போன்ற மினாஸ் மலைநாட்டுக்காரர்களுக்குப் பை, பானை, மருந்துச் சீட்டு எல்லாமே ரயில்தான். பெயர் நினைவுக்கு வந்தாலும் வராவிட்டாலும், "அந்த ரயிலை எடு, இந்த ரயிலை வை" என்றுதான் பேசுவார்கள். ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த அதமோர் ரயிலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன் ஒஸ்மாரும் ஜுல்மிராவும் கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வந்தார்கள். போகும்போது அந்த ஒரு சொல்லை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை அவன் மனைவி மரினால்வா குழம்புச் சட்டியைக் காணோமென்றால், "என் ரயிலை எந்தப் படுபாவி எடுத்தான்?" என்றுதான் கத்துவாள்.

அவர்கள் விட்டுப்போனது அது மட்டுமல்ல. ஒரு மாட்டு மணியும் இருந்தது.

ஜுல்மிராவின் அப்பா பால்மாடு வளர்த்தவர். அவருடைய வெள்ளி என்ற பசுவின் கழுத்தில் கிடந்த மணி அது. கல்யாணமாகிக் கிளம்பும்போது ஒஸ்மார் அதை மாமனாரிடம் கேட்டு வாங்கி, பெண்டாட்டியின் தோள்பையில் கட்டிவிட்டார். "அமேசான் காட்டுக்குப் போறோம். இவ தொலைஞ்சா நான் எங்கேன்னு தேடுவேன்?" என்றார். இருந்த நாளெல்லாம் அந்தப் பெண் 'டொக், டொக்'கென்று சத்தம் போட்டபடியே நடந்தாள். கடைசி நாள், மூழ்கிக் கிடந்த காட்டுக்குள் அதமோர் அவர்களைப் படகில் கூட்டிப் போனான். மரங்களெல்லாம் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. படகு கிளைகளுக்கு நடுவே புகுந்து போனது. ஒரு மரத்தடியில், இல்லை, மரத்தலையில் படகை நிறுத்தச் சொன்னார் ஒஸ்மார். எழுந்து நின்று மணியை ஒரு கிளையில் கம்பியால் இறுகக் கட்டினார்.

"இனிமே தொலைய மாட்டே" என்றார் மனைவியிடம்.

ஜுல்மிரா கையை நீட்டி மணியை ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போனது. பெருநாரை ஒன்று திடுக்கிட்டு எழுந்து பறந்தது.

அன்றிலிருந்து அதற்கு மாட்டு மரம் என்று பெயர். வெள்ளக் காலத்தில் அந்தப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறவர்கள் மணியை ஒரு தட்டுத் தட்டாமல் கடக்க மாட்டார்கள். புதிதாக வருகிற பயணிகள், "இந்த ஊரில் மாடே இல்லையே, ஏன் மாட்டு மரம்?" என்று கேட்பார்கள். அதமோர் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொல்வான். உண்மையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அது அந்த இரண்டு பேருடைய சொத்து என்று ஏனோ அவனுக்குத் தோன்றியது.

இரண்டு மாதம் முன்பு போன் வந்தது. ஒரு பெண் குரல், "அதமோர்தானே? அந்த ரயில் இன்னும் இருக்கா?" என்றது. அதமோருக்கு யாரென்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

"இருக்கு, அம்மா! கை நீட்டினா எட்டும்" என்றான்.

வந்த மோசம் அந்த ஒரு வாக்கியத்தில்தான். ஆற்றங்கரைக்காரர்கள் ஓர் இடத்தை மனதில் வைத்திருப்பது வெள்ளத்தோடு சேர்த்துத்தான். எங்கே என்று கேட்டால் தண்ணீர் நிறைந்த நாளில் எப்படிப் போவார்களோ அப்படித்தான் வழி சொல்வார்கள். 'பக்கம்தான்' என்றால் படகுக்குப் பக்கம். 'எட்டும்' என்றால் படகில் நின்றால் எட்டும். எந்த மாதம் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒஸ்மார் இறந்து ஒரு வருடம் முடிகிற மாதத்துக்கு அவள் டிக்கெட் வாங்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் மரினால்வா விட்டுவைப்பாளா? "கை நீட்டினா எட்டுமாம்! ஏ மனுஷா, அக்டோபர்ல அந்தக் கிளையை எட்டணும்னா அந்தம்மாவுக்கு ஏழு பனை உயரத்துக்குக் கை முளைக்கணும்!"

"ஏழு எதுக்கு? ஒண்ணரை பனை போதும்."

"அந்த அரைப் பனைக்கு உன்னை நிறுத்தறேன், இரு."

அவள் திட்டியது அதமோருக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. மணி இருக்கிறது என்று போனில் அடித்துச் சொன்னானே தவிர, கடைசி வெள்ளத்தில் அவன் மாட்டு மரம் பக்கமே போகவில்லை. முழங்கால் மடக்க முடியாமல் வீட்டிலேயே கிடந்தான். அதற்கு முந்தின வருடமோ மழை பொய்த்து, காடு புகைந்து, ஆறே ஓடையாகிவிட்ட வருடம். மணி இருக்கிறதா, கிளை இருக்கிறதா, அவனுக்கே தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு ஜராக்கி மீன். முள் மாவாகிப் போகிற அளவுக்கு நெருக்க நெருக்கக் கீறிப்போட்டு மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்தாள் மரினால்வா. தட்டோரத்தில் வறுத்த மரவள்ளித் துருவல்.

"ஜராக்கியைத் தின்னவன் ஜாகையை மாத்த மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்தினாள். தின்றவன் இந்த ஊரை விட்டுப் போக மாட்டான் என்று வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான்.

"பொய்" என்றாள் ஜுல்மிரா. "ஒஸ்மார் அன்னைக்கு மூணு மீன் தின்னார். மறுநாளே மூட்டை கட்டிட்டார்."

"தலையைத் தின்னாரா?"

"தலையை எனக்குன்னு எடுத்து வச்சார். அதுதான் ருசின்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம். முள்ளுன்னு எனக்குப் பயம். தொடவேயில்லை."

"அப்ப அதான்! தலை மேல பழியைப் போடுங்க, பழமொழி மேல போடாதீங்க" என்றாள் மரினால்வா. மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனாலும் ஜுல்மிரா மீனின் நடுத்துண்டை மட்டும் கொஞ்சம் கிள்ளித் தின்றுவிட்டுத் தலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

சாப்பிட்டு முடித்து ஊஞ்சல் தொட்டிலில் சாய்ந்தபடி அவள் சொன்னாள். "மக வீடு சாவ் பாவ்லோவுல இருக்கு. ஆஸ்பத்திரியும் அங்கதான். கடைசி நாள்ல நினைவு வந்து வந்து போச்சு அவருக்கு. திடீர்னு கண்ணைத் தொறந்து, 'அந்த ரயில் சத்தம் கேக்குதா?'ன்னார். நர்ஸ் பொண்ணு, பாவம், நல்ல பொண்ணு. 'இந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது தாத்தா, தூங்குங்க'ன்னா. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும்தான் புரிஞ்சுது." காலால் தரையை உந்தித் தொட்டிலை ஆட்டினாள். "கேக்குதுன்னு சொல்லிட்டேன். கேக்கலை. அதான் வந்தேன். ஒரு தடவை நெசமாவே கேட்டுட்டுப் போயிடலாம்னு."

அதமோர் எழுந்து படகு மோட்டாரைப் பார்க்கப் போனான். மோட்டாரில் பார்க்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே மூன்று பேரும் கிளம்பினார்கள். அதமோர் முன்னால் அரிவாளோடு முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். கடைசியில் காப்பிக் குடுவையோடு மரினால்வா. வெள்ளத்தில் படகு போகிற அதே பாதைதான், இப்போது சருகு மெத்தையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரத்தண்டுகளில் அவர்கள் தலைக்கு மேல், வெகு மேல், ஒரே மட்டமாக ஒரு கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே பட்டை கறுத்திருந்தது. மேலே வெளுத்திருந்தது. ஒரு கிளையில் யாரோ விட்டுப்போன மீன்வலை கிழிந்து தொங்கியது, வானத்தில் மீன் பிடிக்கப் போனவன் மறந்து வைத்ததைப் போல.

ஜுல்மிரா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். "அந்தக் கோடு என்ன?"

"தண்ணி நின்ன கோடு."

அவள் நின்றுவிட்டாள். "அப்ப நாங்க அன்னைக்கு அங்கயா போனோம்? அவ்வளவு மேலயா?"

"அங்கதான். நான் பின்னால துடுப்பு போட்டேன். நீங்க நடுவுல. அவர் முன்னால, ஒரு கையைத் தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டே வந்தார். பிரான்யா மீன் கடிக்கும்னு நான் பயமுறுத்தினேன்."

"கடிக்கலை."

"கடிக்காது. சும்மா சொன்னேன்."

ஜுல்மிரா அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு படகின் அடிவயிறு நகர்ந்து போவது தெரிகிறதோ என்னவோ. "பறந்திருக்கோம்" என்றாள் மெல்ல. "ரெண்டு பேரும் பறந்திருக்கோம். அது தெரியாம இத்தனை வருஷம் படகுல போனதாவே நினைச்சிட்டிருந்தேன்."

மாட்டு மரம் வந்தது. அதமோர் அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு மேலே கண்ணை ஓட்டினான். உச்சிக் கிளைகள் முழுவதும் தூக்கணாங்கூடு போல நீள நீளமாகப் பைகள் தொங்கின. ஜப்பிம் பறவைகள் குடியேறியிருந்தன. கறுப்பும் மஞ்சளுமாக இருபது முப்பது பறவைகள் கூட்டுக்குள் போவதும் வருவதும் சண்டை போடுவதுமாக ஒரே சந்தைக்கடை. நடுவே, மரத்தின் நிறத்திலேயே ஒரு பெரிய குளவிக்கூடு. குளவி இருக்கிற மரமாகப் பார்த்துத்தான் ஜப்பிம் கூடு கட்டும். குரங்கோ பாம்போ மனிதனோ, ஏறுகிறவன் எவனாக இருந்தாலும் குளவி பார்த்துக்கொள்ளும்.

மணி எங்கேயும் கண்ணில் படவில்லை. இலை, கூடு, கொடி. அவ்வளவுதான்.

"எந்தக் கிளை?" என்றாள் ஜுல்மிரா.

"அந்தக் கவைக்குப் பின்னால... கூடு மறைக்குது போல."

"தெரியுதா உங்களுக்கு?"

அதமோர் வாயைத் திறந்தான். 'தெரியுது' என்று சொல்வது எவ்வளவு சுலபம்! எத்தனை பயணிகளுக்கு மரக்கட்டையை முதலை என்று காட்டியிருக்கிறான்! ஆனால் வாய்க்கு அன்று அந்தச் சொல் வரவில்லை.

"இந்த வருஷம் நான் இந்தப் பக்கம் வரலை, அம்மா. கால் மடங்கலை. போன்ல உங்க குரல் கேட்டதும் இருக்குன்னு சொல்லிட்டேன். இருக்குன்னுதான் நினைக்கறேன்."

ஜுல்மிரா மரத்தின் பரந்த வேர் ஒன்றில் உட்கார்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். மரினால்வா காப்பியை ஊற்றி நீட்டினாள். அதை வாங்கினாளே தவிர குடிக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்தவள் அந்த இடத்தில் மிகச் சின்னதாகத் தெரிந்தாள்.

அப்போது மேலிருந்து கேட்டது.

டொக்.

கொஞ்சம் விட்டு மறுபடி. டொக், டொக்.

காப்பி சருகில் கொட்டியது. ஜுல்மிரா எழுந்து நின்றிருந்தாள். "கேட்டுதா? அதமோர், கேட்டுதா உங்களுக்கு?"

"கேட்டுது" என்றான் அதமோர்.

அவனுக்குக் கேட்டது. கேட்ட அந்த நொடியே அது என்னவென்றும் தெரிந்துவிட்டது. மரினால்வாவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே வாயால் அளக்கிற பெண்பிள்ளை, உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். 'நீ சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன்' என்பது அந்தப் பார்வை.

ஜுல்மிரா அழவில்லை. கழுத்து நோக அண்ணாந்தபடி, கண்ணை மூடி, காத்துக்கொண்டு நின்றாள். டொக் என்று மறுபடி கேட்டதும் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கி அமர்ந்தது. அதமோருக்கு நிம்மதியாக இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்? கேட்க வந்தாள், கேட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு தயார்.

ஆனால் அவள் மாட்டுக்காரர் மகள்.

"இந்தச் சத்தம் இடது பக்கத்துலேர்ந்து வந்துது" என்றாள் கண்ணைத் திறக்காமல். "முன்ன வந்தது வலது பக்கம்."

மரினால்வா குடுவையின் மூடியை இறுக்கினாள்.

"இலை அசையலை. காத்தே இல்லை. மாடு நடந்தாத்தான் மணி அடிக்கும். நின்ன மாட்டுக்கு மணி அடிக்காது." கண்ணைத் திறந்து நேராக அவனைப் பார்த்தாள். "என்ன அது, அதமோர்?"

அதமோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "குருவி, அம்மா. ஜப்பிம். அதுக்குச் சொந்தப் பாட்டு கொஞ்சம், திருட்டுப் பாட்டு நிறைய. கிளி மாதிரி கத்தும், டூக்கான் மாதிரி கத்தும். மரினால்வா கோழியைக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டுக் கோழியையெல்லாம் காட்டுக்குள்ள ஓட வச்சிருக்கு."

"மூணு கோழி போச்சு" என்றாள் மரினால்வா. அடக்கி வைத்திருந்தது உடைந்து வந்தது.

ஜுல்மிராவின் தோள் இறங்கியது. "குருவியா" என்றாள். திரும்பிப் பார்த்தாள், வந்த பாதையை. இன்னொரு வார்த்தை பேசாமல் நடந்துவிடுவாள் என்று தோன்றியது. அந்த ஒரு நிமிடத்துக்குள் அதமோர் தன் நாக்கைப் பத்துத் தடவை சபித்துக்கொண்டான்.

மேலே மறுபடி, டொக்.

"ஒண்ணு கேக்கறேன்" என்று மெதுவாகத் திரும்பினாள் ஜுல்மிரா. "இந்தப் பக்கம் மாடு உண்டா?"

"மாடா? இங்க மாட்டுக்குப் புல்லு ஏது? வருஷத்துல பாதி நாள் நீந்தணும் அது."

"யார் வீட்லயாவது மணி?"

"சர்ச்சுல ஒண்ணு இருக்கு. அது கணீர்னு அடிக்கும். இது..." அதமோர் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் கேட்க வருவது அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

"அப்ப இது யார்கிட்ட கத்துக்கிட்டுது?"

மரினால்வாதான் பதில் சொன்னாள். அவள் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. "உங்க வெள்ளிகிட்டத்தான் அம்மா. வேற யார் இருக்கா இங்க?"

ஜுல்மிரா வேரில் திரும்பவும் உட்கார்ந்தாள். முதலில் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று மரினால்வா பக்கத்தில் போனாள். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது, அது வேறு விஷயம்.

"எங்கப்பாவோட பசு" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "அது பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியைத் தாண்டினதுக்கே அவன் எங்கப்பாவை ஒரு வாரம் திட்டினான். அது இங்க வந்து மரத்து மேல மேயுது! ஒஸ்மார் இருந்திருந்தா... எவ்வளவு நல்ல ரயில்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பார்."

அப்புறம் வெகுநேரம் அங்கேயே இருந்தார்கள். குடுவையில் மிச்சமிருந்த காப்பியைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். பறவைகள் கிளியாகவும் குரங்காகவும் கோழியாகவும் கத்தின. எப்போதாவது ஒரு தடவை, நினைவு வந்தாற்போல், மாடானது ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஜுல்மிரா பேச்சை நிறுத்தினாள்.

கிளம்பும்போது அதமோர் சொன்னான். "அக்கரையில மரமேறி ஒருத்தன் இருக்கான். குளவிக்குப் புகை போட்டு ஏறச் சொல்றேன். இருந்தா எடுத்துட்டு வந்துடுவான். கையோட கொண்டு போயிடுங்க."

"வேணாம்" என்றாள் ஜுல்மிரா உடனே. "குருவிங்க குடியிருக்கு. அப்புறம், அவர் படகுல நின்னு கட்டினது அது. நானும் படகுல நின்னே தொட்டுக்கறேன்."

"அதுக்கு வெள்ளம் வரணும்."

"வராம எங்க போகப்போகுது?"

மதியம் மறுபடியும் ஜராக்கிதான். ஜுல்மிரா நடுத்துண்டைத் தின்று முடித்தாள். பிறகு தட்டோரத்தில் கிடந்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை எடுத்தாள். கன்னத்துச் சதையை முதலில், பிறகு மூளைப் பக்கத்தை, பிறகு எலும்பை உறிஞ்சி, விரலையும் நக்கினாள். மரவள்ளித் துருவல் மோவாயில் ஒட்டியிருந்தது.

"ஐயோ, முப்பது வருஷம்!" என்றாள். "முட்டாள் நான்."

"போச்சு" என்றாள் மரினால்வா கை தட்டி. "இனி உங்க மக வந்து கையைப் பிடிச்சு இழுத்தாலும் நீங்க போக முடியாது."

"போவேன். போயிட்டுத் திரும்பி வருவேன். அந்தக் கணக்குல சேருமா?"

மரினால்வா யோசித்தாள். "தலையைப் பாதி வச்சிருந்தா சேராது. எலும்பைக்கூட விடலையே நீங்க. சேரும்."

மனவுஸ் நகரம் போகிற படகு வளைவில் தெரிந்ததும் அவளை மேட்டிலிருந்து மணலுக்குக் கூட்டிப் போனார்கள். பையை ஏற்றிவிட்டு அதமோர் கடுங்காப்பி நிறத் தண்ணீரில் முழங்காலளவு இறங்கி நின்று படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்க, அம்மா" என்றான். "அந்த ரயில் கை நீட்டினா எட்டும்."

கரையிலிருந்து மரினால்வாவின் குரல் வந்தது. "மாசத்தைச் சொல்லுய்யா!"

"ஜூன்ல!" என்று கத்தினான் அதமோர். மோட்டார் சத்தத்தில் அது காதில் விழுந்ததோ இல்லையோ, ஜுல்மிரா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, எதையோ தட்டுவது போல விரலை ஆட்டிக் காட்டினாள்.